கத்தியும் பாலும்: சைவ சித்தாந்த வகுப்பு ஒன்றின் மதிப்பீடு

சைவ சித்தாந்த வகுப்பில் சேரலாமா, அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று தொலைபேசியில் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கசப்பானதை முதலில் சொல்கிறேன். மனம் நொந்த நேரத்தில் ஆறுதல் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் முதல் ஐந்தாறு மாதம் ஏமாந்துபோவார்கள். உடம்பும் உலகமும் அமைந்த கூறுகளான தத்துவங்கள் 36, அவற்றில் ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5 என்று வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பார்கள். கண்ணீரோடு வந்தவர்களில் பலர் இந்த இடத்திலேயே கழன்றுகொள்கிறார்கள். கழன்றுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தால், துன்பம் எதற்கு என்ற கேள்வியோடு இன்பம் எதற்கு என்ற கேள்வியும் மேசைக்கு வரும். இரண்டாவது கேள்வியை எந்தக் கதாகாலட்சேபத்திலும் யாரும் எழுப்பி நான் கேட்டதில்லை.

வகுப்பின் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. சில குறைகளைப் பச்சையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடத்துகிறவர்களோ சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள். தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர், மடத்துக்குச் சொந்தமான பழைய மண்டபம் என்பது போதும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆதீனங்களின் சார்பில் ஏறக்குறைய இதே வடிவில் வகுப்புகள் நடக்கின்றன: இரண்டாண்டுப் படிப்பு, மாதம் ஒரு ஞாயிறு, காலையிலிருந்து மாலை வரை, முடிவில் தேர்வும் சான்றிதழும். ஆகவே இதை வைத்து உங்கள் ஊர் வகுப்பையும் ஓரளவு எடைபோட்டுக்கொள்ளலாம்.

கட்டணம் மிகக் குறைவு. இரண்டாண்டுக்கும் புத்தகங்களோடு சேர்த்து அவர்கள் வாங்கும் தொகையில் ஒரு குடும்பம் நல்ல ஓட்டலில் ஒருவேளை வயிறாரச் சாப்பிட முடியாது. மதியச் சாப்பாடும் அதற்குள் அடக்கம். சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. இலை போட்டு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், கடைசியில் கெட்டித் தயிர். மார்கழி வகுப்பில் சொதி வைத்தார்கள். அதற்காகவே விடுப்பு எடுக்காமல் வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

உட்காரும் வசதிதான் மோசம். தரையில் ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். சுவரோரம் ஒரே ஒரு வரிசை நாற்காலி. முழங்கால் தேய்ந்தவர்கள் ஒன்பதரைக்கே போய்த் துண்டு போட்டுவிட வேண்டும். பத்து மணி வகுப்பு பத்தே முக்காலுக்குத் தொடங்கும். காரணம் பொன்னாடை. யார் வந்தாலும் ஒரு பொன்னாடை, அவரை அறிமுகம் செய்கிறவருக்கு ஒன்று, இருவரையும் வரவேற்றவருக்கு ஒன்று. உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்தை நீக்குவதற்கான வகுப்பில் இவ்வளவு பொன்னாடை எதற்கு என்று ஒருமுறை சத்தமாகவே கேட்டுவிட்டேன். சிரித்தார்கள். அடுத்த மாதமும் போர்த்தினார்கள்.

அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதை இங்கே சொல்லக் காரணம், முதல் நாள் அறிமுகச் சடங்கு. ஒவ்வொருவராக எழுந்து பெயரும் ஊரும் சொல்லி, எதனால் இங்கே வந்தோம் என்றும் சொல்ல வேண்டும். ஒருவர் மனைவியை இழந்தவர். ஒருவருக்கு வியாபாரம் நொடித்துப்போனது. ஓர் அம்மாவின் மகன் வெளிநாட்டில் இருக்கிறான், பேசுவதே இல்லை. என் முறை வந்தபோது, "எனக்கு ஒரு குறையும் இல்லை ஐயா, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றேன். மண்டபமே திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. பாவம், வெளியில் சொல்ல முடியாத துக்கம் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் சொன்னது உண்மை. ஓய்வூதியம் தடங்கல் இல்லாமல் வந்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகி, பேரனும் நல்ல எடையோடு பிறந்தான். அதுதான் என் தொல்லை. வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: இன்று வார்டு அமைதியாக இருக்கிறது என்று எந்தச் செவிலியரும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சொன்ன அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் என்று பயம். வாழ்நாள் முழுக்க அந்தப் பயத்தோடு இருந்துவிட்டு, வீட்டில் எல்லாம் நன்றாக நடக்கும்போது எனக்குத் தூக்கம் வரவில்லை. துன்பத்தை எப்படிக் கையாள்வது என்று எனக்குத் தெரியும். பஞ்சு, கத்தரிக்கோல், கட்டுத் துணி. இன்பத்தை எப்படிக் கையில் வாங்குவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இனிப் பாடத்துக்கு வருகிறேன். சைவ சித்தாந்தத்துக்கு அடிப்படையாக மெய்கண்ட சாத்திரங்கள் என்று பதினான்கு நூல்கள். எல்லாவற்றையும் இரண்டாண்டில் முடிக்க முடியாது. முடிப்பதாகவும் அவர்கள் சொல்லவில்லை. 'உண்மை விளக்கம்', 'திருவருட்பயன்' இரண்டையும் முதலாண்டில் வரிவரியாக நடத்துகிறார்கள். பிறகு 'சிவஞான சித்தியார்' சுபக்கம், அதாவது சித்தாந்தத்தின் சொந்தக் கொள்கையைச் சொல்லும் பகுதி. ஆசிரியர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். வெந்நீர்க் குடுவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புத்தகத்துக்குள் ஒரு விரலைவிட்டு மூடியபடியே பேசுவார். பாட்டு மனப்பாடம், விரல் எதற்கு என்று தெரியவில்லை. குரல் மெல்லியது, ஒலிபெருக்கியோ கரகரவென்று இரையும், பின்வரிசைக்குப் பாதிதான் எட்டும். முன்வரிசையில் ஆண்கள். பெண்கள் தாமாக எழுந்துபோய் முன்னால் உட்கார்ந்தால் யாரும் தடுப்பதில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

'திருவருட்பயன்' உமாபதி சிவம் எழுதியது, பத்து அதிகாரம், நூறு குறள். அதில் ஆணவத்தைப் பற்றி ஒரு குறள்: "ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும், இருபொருளும் காட்டாது இது." இருட்டு வேறு எதையும் காட்டாவிட்டாலும், இருட்டாக இருக்கிறது என்பதையாவது காட்டிவிடும். ஆணவம் பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இதற்கு ஆசிரியர் வழக்கமான விளக்கம் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு வார்டு ஞாபகம் வந்துவிட்டது. நீரிழிவு முற்றி உணர்ச்சி செத்த பாதங்களை எத்தனை பார்த்திருக்கிறேன்! ஒருவர் செருப்பைத் துளைத்த ஆணி காலில் ஏறியதுகூடத் தெரியாமல் பகல் முழுக்க நடந்திருக்கிறார். வீட்டுத் தரையில் ரத்தச் சுவடு பார்த்து மனைவி அலறிய பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். கட்டு மாற்றும்போது அழுகல் சதையை வெட்டினாலும் அவருக்கு வலிக்காது; அவரே எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருக்கு சிஸ்டர்" என்பார். வெட்டிக்கொண்டே போய், கத்தியின் நுனியில் அவர் முதல்முறையாக "ஆ" என்று காலை இழுத்த அன்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். உயிருள்ள சதை வந்துவிட்டது என்று பொருள். இதை எழுந்து சொன்னேன். ஆசிரியர் விரலைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு, "அம்மா, இதை அடுத்த குழுவுக்கும் நான் சொல்லலாமா?" என்று கேட்டார். இப்படிக் கேட்கிற ஆசிரியர் கிடைத்தால் ஒலிபெருக்கிக் கரகரப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சித்தியாரை எழுதியவர் அருணந்தி சிவாசாரியார், 13ஆம் நூற்றாண்டுக்காரர். சகல ஆகமங்களும் கற்ற முதியவர், ஒரு குடும்பத்தின் குலகுரு. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் 'சிவஞான போதம்' எழுதிய மெய்கண்டார். ஆணவத்தின் வடிவம் என்ன என்று குலகுரு கேட்டதற்கு, மெய்கண்டார் பேசாமல் அவரையே ஏற இறங்கப் பார்த்ததாகவும், பெரியவர் அந்த இடத்திலேயே சிறுவர் காலில் விழுந்து மாணாக்கரானதாகவும் வரலாறு சொல்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது பொன்னாடைக் குழுவினரை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

அந்தச் சித்தியாரில் இரண்டாம் சூத்திரத்தில் வரும் ஒரு பாட்டுக்காகவே இந்த வகுப்புக்குக் கொடுத்த பணம் தகும்:

"மண்ணுளே சில வியாதி மருத்துவன் அருத்தியோடும்
திண்ணமாய் அறுத்துக் கீறித் தீர்த்திடும். சில நோய் எல்லாம்
கண்ணிய கட்டி பாலும் கலந்து உடன் கொடுத்துத் தீர்ப்பன்;
அண்ணலும் இன்ப துன்பம் அருத்தியே வினை அறுப்பன்."

மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்க்கிறான். சில நோய்களைச் சர்க்கரைக்கட்டியும் பாலும் கலந்து கொடுத்துத் தீர்க்கிறான். இறைவனும் அப்படியே இன்பத்தையும் துன்பத்தையும் ஊட்டி வினையை அறுக்கிறான். மேலோட்டமாகப் படித்தால் ஆறுதல் வார்த்தை போலிருக்கும். நின்று படித்தால் வயிற்றைக் கலக்கும். துன்பம் மருந்து என்று எல்லாச் சாமியார்களும் சொல்கிறார்கள். இன்பமும் அதே நோய்க்கு அதே மருத்துவன் கொடுக்கும் மருந்து என்றால், என் ஓய்வூதியமும் பேரனும் எந்த நோய்க்காக எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறார்கள்?

வகுப்பில் இந்தப் பாட்டுக்கு ஒரு முழு அமர்வு ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் நேரம் முழுக்க முதல் இரண்டு அடிக்கே போயிற்று. எல்லோருக்கும் கத்தியைப் பற்றித்தான் கேள்வி. பால் பக்கம் ஒருவரும் வரவில்லை. அறுவை வார்டுக்காரிக்குக் கத்தியில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதால் நான்தான் கேட்டேன். கட்டியும் பாலும் உண்மையிலேயே மருந்தா, இல்லை நோயாளியைச் சமாதானப்படுத்தக் கொடுப்பதா என்று. ஆசிரியர் என்னையே பதில் சொல்லச் சொன்னார். பேதியில் வாடிய குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சொன்னேன். வெறும் உப்புத் தண்ணீரைக் குடல் சரியாக உறிஞ்சாது. சர்க்கரை கூடச் சேரும்போதுதான் உப்பும் நீரும் வேகமாக உள்ளே இறங்கும். ஒரு லிட்டர் நீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். அங்கே சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதில்லை, அதுவே வேலை செய்கிறது. அளவு கூடினால் பேதி இன்னும் மோசமாகும். ஆசிரியர் தலையாட்டினார், ஆனால் மணி நான்கரை ஆகிவிட்டது. "வாழ்க அந்தணர் வானவர் ஆனினம்" பாடி முடித்துவிட்டார்கள்.

இனி ஒரு கசப்பான ஞாயிறு. வழக்கமான ஆசிரியருக்குப் பதிலாக முற்பகல் ஒரு சிறப்புப் பேச்சாளர் வந்தார். வினைக் கொள்கை பற்றிப் பேச்சு. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றையும் அழகாகப் பிரித்தார். சேர்த்துவைத்த வினை, இந்தப் பிறவிக்கென்று எடுத்துவந்த வினை, இப்போது புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் வினை. அதுவரை சரி. பிறகு எடுத்துக்காட்டுகளுக்குப் போனார். பிறவியிலேயே நோயோடு வரும் குழந்தை, சின்ன வயதில் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை எல்லாம் முன்வினையின் கணக்கு, பெற்றோரின் வினையும் அதில் கலந்திருக்கிறது என்று விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவள் மகனுக்கு நீரிழிவு. சாப்பாட்டுக்கு முன்னால் அவன் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறவள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நோட்டை மூடினாள், பேனாவுக்கு மூடி போட்டாள், இரண்டையும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். சாப்பாட்டு மணிக்கு எழுந்தவள் பந்திக்குப் போகாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பேச்சாளரிடம் நேரே போய் நடந்ததைச் சொன்னேன். சாத்திரத்தில் உள்ளதைத்தானே சொன்னேன் அம்மா என்றார். அவர் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் அவரிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

பிற்பகலில் எங்கள் ஆசிரியர் வந்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கான பாடத்தை எடுக்கவில்லை. சம்பந்தரின் திருநீலகண்டப் பதிகத்தை எடுத்தார். கொங்கு நாட்டில் திருச்செங்கோட்டுப் பக்கம் சம்பந்தர் தங்கியிருந்தபோது, உடன் வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. அப்போது பாடியது என்று பெரியபுராணம் சொல்கிறது. முதல் பாட்டின் முதல் இரண்டு அடி:

"அவ்வினைக்கு இவ்வினை ஆம்என்று சொல்லும் அஃதுஅறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உம்தமக்கு ஊனம் அன்றே"

அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்லத் தெரிந்திருக்கிறதே, பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்கு இழுக்கில்லையா? ஆசிரியர் இதை இரண்டு முறை சொன்னார். காய்ச்சலில் நடுங்குகிறவர்களைப் பார்த்து இது உங்கள் முன்வினை என்று விளக்கம் சொல்லிவிட்டுச் சம்பந்தர் நகர்ந்துவிடவில்லை என்றார். மூன்றாம் அடி "கைவினை செய்து எம்பிரான் கழல் போற்றுதும்" என்று வருகிறது. அடுத்த பாட்டிலோ சோலை வைப்பதும் குளம் தோண்டுவதும் வருகின்றன. வினையை அறுக்கிறவன் இறைவன் என்பதால் மனிதன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, கைதான் முதலில் நீள வேண்டும் என்று விளக்கினார். பிறகு நேராகவே சொன்னார்: "என் காலில் முள் குத்தினால் இது என் வினை என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்ளலாம், கோபம் குறையும். உங்கள் காலில் குத்திய முள்ளைப் பார்த்து அதையே சொல்வேனானால் நான் சித்தாந்தம் பேசவில்லை." முற்பகல் பேச்சாளர் அப்போதும் மேடையில்தான் இருந்தார். அவருக்குப் போர்த்திய பொன்னாடை மடியில் இருந்தது.

அந்தப் பெண் மறுபடி வரவில்லை. ஆசிரியர் சொன்னதை அவள் கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்க முடியாமல் போனது வகுப்பு நடத்துகிறவர்களின் குறை. யார் வந்து என்ன பேசப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டாமா? மதிப்பீட்டில் நான் கழித்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்த ஒரு முற்பகலுக்காக.

இதே சித்தியாரில் எனக்கு ஒட்டாத பாட்டும் உண்டு. சொல் கேளாத பிள்ளைகளைப் பெற்றோர் வளாரினால், அதாவது மெல்லிய குச்சியால், அடிப்பதும் பரிவுதான், ஈசனின் முனிவும் அப்படியே என்று ஒரு பாட்டு. மறக்கருணை, தண்டனை போல வரும் அருள், என்று இதை விளக்குகிறார்கள். வளார் பட்டுத் தோல் கிழிந்து வார்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு மருந்து போட்டவள் என்பதால், அந்த உவமையை வாயால் ஒப்பித்தேன், மனத்தால் ஏற்கவில்லை. மருத்துவன் பாட்டு போதும் எனக்கு. நோயாளியைக் கோபித்துக்கொண்டு எந்த மருத்துவனும் கத்தியை எடுப்பதில்லை.

இரண்டாம் ஆண்டில் இருவினையொப்பு வந்தது. நல்வினை, தீவினை இரண்டும் ஒப்பாகத் தோன்றும் நிலை. பொன்விலங்கும் விலங்குதான், இரும்பு விலங்கும் விலங்குதான் என்று இதற்கு உவமை சொல்வார்கள். எங்கள் வகுப்பில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார்; எந்தப் பாடத்திலும் கீதையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். இரண்டாம் அத்தியாயத்தில் இன்ப துன்பங்களைச் சமமாகக் கொள் என்று கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்வதும் இதுதானே என்றார். ஆசிரியர் மறுக்கவில்லை. பதினெட்டாம் அத்தியாயத்தையும் சேர்த்துப் படியுங்கள் என்றார். தொடக்கத்தில் நஞ்சு போலிருந்து முடிவில் அமுதமாகும் சுகம் என்றும், தொடக்கத்தில் அமுதமாக இருந்து முடிவில் நஞ்சாகும் சுகம் என்றும் அங்கே சுகத்தையே வகை பிரித்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே குழம்பாகக் கலக்கச் சொல்கிற நூலாக இருந்தால் இந்த வகைப்பாடு எதற்கு? இன்பமும் துன்பமும் ஒரே மாதிரி உறைக்கும் என்று யாரும் சொல்லவில்லை என்றார். அளவில் இரண்டு வினையும் சமமாவது என்றும் பொருளில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து திருவாவடுதுறையில் துறவியாகி 1785இல் மறைந்த சிவஞான முனிவர், சிவஞான போதத்துக்கு 'மாபாடியம்' என்ற பேருரை எழுதியவர், இதைத் தெளிவாக்கியிருப்பதாகச் சொன்னார்: ஒன்றைத் துரத்திக்கொண்டும் மற்றொன்றிடமிருந்து ஓடிக்கொண்டும் இருக்கிற ஓட்டம் அறிவில் நின்றுபோவதுதான் ஒப்பு. எங்கள் ஆற்றங்கரைக்காரர் என்பதால் அவர் பேரைச் சொல்லும்போது ஆசிரியருக்குக் குரல் கொஞ்சம் உயரும்.

அப்போதுதான் என் பழைய கேள்வியை மறுபடி எடுத்தேன். எல்லாம் நன்றாக இருக்கும்போது பயமாக இருக்கிறதே, அது எதில் சேரும்? ஆசிரியர் வெந்நீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "மருத்துவன் கொடுத்த பாலைப் பயந்து கொட்டுகிறவனும் நோயாளிதான். இன்னும் ஒரு டம்ளர் என்று அடம்பிடிக்கிறவனும் நோயாளிதான். உங்களுக்குக் கொடுத்ததைக் குடியுங்கள் அம்மா." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அதோடு விடவில்லை அவர்.

அன்று தேவாரம் பாடும் ஓதுவார் ஒருவர் வந்திருந்தார். ஆசிரியர் அவரை அப்பரின் "மாசில் வீணையும்" பாடச் சொன்னார். அப்பர், சமணத்தில் தருமசேனராக இருந்தவர், சூலைநோய் வந்து திருவதிகையில் தமக்கை திலகவதியாரிடம் திரும்பியவர், பிறகு பல்லவ மன்னன் ஆணையால் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் பூட்டப்பட்டவர். அங்கே பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு இது.

"மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கு இளவேனிலும்
மூசு வண்டுஅறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே."

சிறுவயதிலிருந்து தெரிந்த பாட்டு. ஆசிரியர் அதில் ஒன்றே ஒன்றைக் காட்டினார். வெந்துகொண்டிருக்கிற இடத்தில் பாடிய பாட்டில் வேதனை பற்றி ஒரு சொல் இல்லை. காதுக்கு வீணை, கண்ணுக்கு நிலவு, உடம்புக்குத் தென்றல், வசந்தம், வண்டு மொய்க்கும் குளம் என்று முழுக்க இன்பங்களின் பட்டியல். தென்றலை ஒருநாளும் நின்று அனுபவிக்காதவர், மாலை நிலவை ஏறெடுத்துப் பார்க்காதவர் நீற்றறைக்குள் எதைச் சொல்லி இறைவன் திருவடியை நினைத்திருப்பார்? வீணையைக் கேட்ட நாளில் அதைக் கொட்டிவிடாமல் கேட்டிருக்கிறார். அது நீற்றறைக்குள்ளும் அவர் கூடவே வந்திருக்கிறது. "இன்பமே எந்நாளும் துன்பமில்லை" என்று அதே அப்பர் இன்னொரு பதிகத்தில் சொல்வதைத் துன்பம் வராதவன் சொன்னதாகப் படித்தால் பொய்யாகிவிடும் என்றார்.

ஓதுவார் பாட்டை இன்னொரு முறை, இன்னும் மெதுவாகப் பாடினார். மனைவியை இழந்தவர் என் முன்னால் இருந்தார். தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே இருந்தார். எனக்குப் பேரன் குளித்து முடித்த ஈரத்தலையோடு என் மடியில் வந்து விழுகிற நினைவு வந்தது. அதைப் பயமில்லாமல் நினைத்தேன்.

அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வகுப்பின் உச்சம். அதை ஒளிப்பதிவு செய்யவில்லை. பொன்னாடை போர்த்துவதை மட்டும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் எடுக்கிறார்கள்.

புத்தகங்களைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. பாடநூல்களின் உரை பழைய நடை. பதம் பிரிக்காமல் அச்சிட்ட செய்யுளைப் பார்த்தால் தமிழ் படித்தவர்களுக்கே மூச்சு முட்டும். எழுத்தும் சிறியது. நான் பெரிய நோட்டில் ஒவ்வொரு பாட்டையும் பிரித்து எழுதிக்கொண்டேன். அப்படிச் செய்தவர்களுக்குத்தான் இரண்டாம் ஆண்டு விளங்கியது. தேர்வு மனப்பாடத் தேர்வு. இருவினையொப்பு பற்றிக் குறிப்பு வரைக, ஐந்து மதிப்பெண், அரைப் பக்கத்துக்கு மிகாமல். நான் இரண்டு பக்கம் எழுதி மூன்று மதிப்பெண் வாங்கினேன். தலைமையாசிரியருக்கு ஐந்தும் கிடைத்தது, கீதையை எழுதாமல் அடக்கிக்கொண்டாராம்.

சேர நினைக்கிறவர்களுக்கு: அண்மையில் இழப்பு நேர்ந்திருந்தால் உடனே போகாதீர்கள், ஓர் ஆண்டாவது கழியட்டும். பச்சைப் புண்ணோடு வினைக் கொள்கையைக் கேட்டால் எரியும். பிறவியிலேயே வந்த நோயோடு போராடும் பிள்ளையின் பெற்றோர் சேர்வதானால், முதலில் ஆசிரியரிடம் தனியாகப் பேசிவிட்டுச் சேருங்கள். எந்தக் குறையும் இல்லாதவர்கள் தாராளமாகப் போகலாம். அவர்களுக்குத்தான் பாலைப் பற்றிய அடி தேவை, அங்கே உங்களைப் பரிதாபமாகப் பார்த்தால் பொருட்படுத்த வேண்டாம். மூக்குக் கண்ணாடி, பெரிய நோட்டு, முதுகு வலிக்காரர்கள் ஒரு சின்னத் தலையணை. கேள்வி கேட்கத் தயங்காதீர்கள், ஆசிரியர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை, சாப்பாட்டுக்கு.